மூன்று கிலோ

விருத்தாசலத்திற்கு வருவோர் பெரும்பாலும் பழமலைநாதர் கோயிலைக் கண்டு, மணிமுத்தாற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி விடுவர். ஊரின் மற்றொரு சிறப்பான பீங்கான் தொழிற்பேட்டையை நாடி வருவோர் மிகச் சிலரே. நான் மாலை வேளைகளில் அப்பக்கம் நடந்து செல்வதுண்டு. என் நண்பர் ஒருவர் ஆங்குச் சிறிய பட்டறை ஒன்று நடத்துகிறார். அகல் விளக்குகளும் பொம்மைகளும் அங்கே வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஈரமண்ணின் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்குச் செல்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

ஒருநாள் நான் சென்றபோது பட்டறையில் பேச்சே இல்லை. நண்பர் ஒரு மூலையில் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் மற்றொரு மூலையில் அமர்ந்திருந்தாள். அவளருகே உணவுப் பாத்திரம் திறவாமலே இருந்தது. அப்பெண் குத்துச்சண்டை பயில்பவள். தன் எடைப்பிரிவில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மாவட்டத்தில் முதலிடம் பெற்றவள்.

“நீங்களே நியாயம் சொல்லுங்கள், ஐயா. அடுத்த எடைப்பிரிவில் ஆடச் சொல்லிப் பயிற்சியாளர் வற்புறுத்துகிறார். வெல்லும் இடத்தை விட்டுவிட்டுத் தோற்கும் இடத்திற்கு யாராவது போவார்களா? இன்னும் ஓராண்டு இதே பிரிவில் வென்றால், விளையாட்டுச் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் இடம் கேட்கலாம்” என்றார் நண்பர்.

அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டறை வருவாயைக் கொண்டு பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தைக்கு ஒரு சான்றிதழின் விலை நன்கு தெரியும். நானோ குத்துச்சண்டைக் கையுறையைத் தொட்டுப் பார்த்தவனும் அல்லன். ஆயினும் அவ்விளையாட்டைப் பற்றிப் படிப்பதில் எனக்கு நெடுநாளைய ஆர்வம் உண்டு. எனவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

குத்துச்சண்டையில் வீரர்களை எடையால் பிரிப்பது, வலியவன் எளியவனை நசுக்காமல் இருப்பதற்காகவே. ஒரு பிரிவில் தமக்கு நிகரில்லை என்னும்படி வென்றவர் மேற்பிரிவுக்கு ஏற வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சன் 1946-இல் வெல்ட்டர் எடைப்பிரிவில் உலக வீரரானார். 1951-இல் ஒரு படி ஏறி மிடில் எடைப்பிரிவிலும் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இன்னும் ஒரு படி ஏறி, ஜோயி மேக்சிம் என்பவரை நியூயார்க் நகரில் எதிர்த்தார். அன்று பெரும் வெப்பம். நடுவரே பத்தாம் சுற்றுக்குப் பின் தாங்க மாட்டாமல் விலகினார். ராபின்சன் புள்ளிகளில் முந்தியிருந்தார். எனினும் தம்மினும் கனத்தவரைத் தள்ளியும் தாங்கியும் வலிமை முழுவதையும் இழந்த அவரால் பதினான்காம் சுற்றுக்கு எழ முடியவில்லை. ஒரு படி ஏற்றம் தந்த புகழை மறுபடி வாங்கிக்கொண்டது.

“பார்த்தாயா?” என்று நண்பர் மகளை நோக்கினார். நான் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, நம் நாட்டு மேரி கோமின் கதையைத் தொடங்கினேன்.

மணிப்பூரின் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம். 2002-இல் 45 கிலோப் பிரிவில் முதன்முதலாக உலகப் பட்டம் வென்றார். 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோவிலும், 2010-இல் 48 கிலோவிலும் வென்று, ஐந்து முறை உலக வீராங்கனை ஆனார். இடையே இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயாகிச் சிறிது காலம் ஒதுங்கியிருந்து மீண்டும் வந்தவர். பட்டங்களே வேண்டும் என்று எண்ணியிருந்தால் அவர் அப்பிரிவிலேயே நிலைத்திருக்கலாம்.

ஆனால் 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்களின் குத்துச்சண்டைக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. அதுவும் மூன்றே பிரிவுகள். அவற்றுள் மிகக் குறைந்தது 51 கிலோ. மேரி கோமுக்கு உரிய 48 கிலோவுக்கு அங்கே கதவு இல்லை. ஏற வேண்டும், இல்லையேல் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அவர் ஏறினார்.

மூன்று கிலோ என்பது என்ன பெரிது? மூன்று கிலோ அரிசியைக் கடையிலிருந்து சிறுவனும் தூக்கி வருவான். ஆனால் அவ்வெடை எதிராளியின் தோளில் இருக்கும்போது கதை வேறு. எலும்பு பெரிது, கை நீளம், தாம் எட்டித் தொட இயலாத தொலைவிலிருந்தே அவர் தொட்டுவிடுவார். மேலும், 51 கிலோவில் ஆடுவோருள் சிலர் அதைவிடக் கனத்த உடல் உடையவர்கள். எடையைக் குறைத்துக்கொண்டு கீழே வருகிறவர்கள். மேரி கோம் இலண்டனில் முதலில் சந்தித்த போலந்து நாட்டு வீராங்கனை மிகல்சுக், 2008-இல் 54 கிலோப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றவர். ஒருவர் கீழிருந்து ஏறி வர, ஒருவர் மேலிருந்து இறங்கி வந்து, நடுவில் மோதினர். அந்நாள் மேரி கோமின் இரட்டை மக்களுக்கு ஐந்தாம் பிறந்தநாள்! 19-க்கு 14 என்னும் புள்ளிக் கணக்கில் அவர் வென்றார். அடுத்துத் துனீசிய வீராங்கனையையும் வென்று அரையிறுதியை அடைந்தார். அங்கே இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ் உயரமும் வேகமும் ஒருங்கே உடையவராய் நின்றார். 6-க்கு 11 என்று மேரி கோம் தோற்றார், கிடைத்தது வெண்கலம். ஆடம்ஸ் அப்பிரிவின் தங்கத்தை வென்றார்.

“தோற்றுத்தானே போனார்?” என்றார் நண்பர்.

தோற்றார் என்பது உண்மை. அவ்வுடலுக்கு இயல்பானது 48 கிலோவே என்பதும் உண்மை. 2018-இல், முப்பத்தைந்தை எட்டிய வயதில், அதே 48 கிலோவுக்குத் திரும்பித் தில்லியில் ஆறாம் உலகப் பட்டத்தை வென்றார். இவ்விரண்டையும் நான் மறைக்கவில்லை. எனினும் 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வென்றது 51 கிலோவில்தான். மேலே ஏறிய பின் இரண்டாண்டு அப்பிரிவைக் கற்றுக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இலண்டன் வெண்கலம் அவருடைய உலகத் தங்கங்களுக்குக் குறைந்தது என்று நான் கருதவில்லை. தமக்கென அளவெடுத்துத் தைத்தது போன்ற பிரிவில் வெல்வது ஒன்று. அளவு பொருந்தாத இடத்தில் நின்று உலகின் முதல் நால்வருள் ஒருவராவது மற்றொன்று.

இதைக் கூறி முடித்தபோது நண்பர் ஒரு பெரிய அச்சைக் கையில் எடுத்தார். “மண்ணிலும் இது உண்டு, ஐயா. களிமண் குழம்பை அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் சுவர் கட்டும். சிறு பொம்மைக்கு மெல்லிய சுவர் போதும். அதே கணக்கில் பெரிய பொம்மை செய்தால் தன் கனத்தைத் தானே தாங்காமல் சரியும். சுவர் தடிக்க வேண்டும்; காயும் நாளும் கூட வேண்டும். அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். பிள்ளைகளும் அப்படித்தானே?”

அவர் தம் கட்சிக்கே அதைச் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுத்தான் மகள் முதன்முறையாகப் பேசினாள்.

“அப்பா, நான் சிறிய அச்சில் இப்போது இல்லை. இந்த ஆண்டு உயர்ந்துவிட்டேன். பழைய எடைக்குள் நிற்க, போட்டிக்கு முன் மூன்று நாள் சோறு உண்பதில்லை. கடைசி நாள் தண்ணீரும் குடிப்பதில்லை. வென்ற அன்று மேடையிலிருந்து இறங்கும்போது கண் இருட்டியது. உங்களிடம் சொல்லவில்லை.”

நண்பரின் கையிலிருந்த அச்சு மெல்லக் கீழே இறங்கியது. எனக்கும் நாணமாக இருந்தது. திறவாத உணவுப் பாத்திரத்தை வந்தவுடனே கண்டவன் நான். நியூயார்க்கிலும் இலண்டனிலும் நடந்ததை விரித்துரைத்தேனே தவிர, “ஏன் அம்மா உண்ணவில்லை?” என்று ஒருமுறை கேட்கவில்லை. பயிற்சியாளர் ஏன் வற்புறுத்தினார் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மேரி கோம் ஏறியதற்கு ஒலிம்பிக் காரணம். இவளுக்கோ வளரும் உடலே காரணம். வளரும் வயதில் நீரையும் சோற்றையும் விலக்கி எடையைக் குறைப்பது நெஞ்சுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு என்று மருத்துவர்கள் கூறுவர். அப்படிக் காத்த பட்டம் அவளை உள்ளிருந்து உண்டுகொண்டிருந்தது.

அவள் மேற்பிரிவுக்கு மாறினாள். ஆனால் உடனே போட்டியில் இறங்கவில்லை. ஆறு மாதம் வேளை தவறாமல் உண்டு, புதிய எடையில் பயின்ற பிறகே இறங்கினாள். முதற்போட்டியில் வென்றாள். இரண்டாவதில், தன்னைவிட ஒரு சாண் உயரமான பெண்ணிடம் தோற்றாள். அந்த ஆண்டு சான்றிதழ் இல்லை.

அவள் ஊர் திரும்பிய மாலை நானும் பட்டறையில் இருந்தேன். கன்னத்தில் சிறு வீக்கத்துடன் உள்ளே வந்தாள். நண்பர் வெற்றி தோல்வியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மண் படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்றார்.

“நான்கு இட்லி, அப்பா” என்றாள் அவள்.