ஹவொர்த் வீட்டு மேசை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 'ஜேன் ஏர்' கதை சொன்னவள் நீ. அதை எழுதிய ஷார்லட் பிரான்ட்டேயின் வீட்டைப் பார்த்தவள் நான். நியாயமில்லைதான். அதனால்தான் போனில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் எழுதுகிறேன்.

யார்க்‌ஷயரில் ஹவொர்த் என்ற மேட்டு ஊர். பாதிரியாருக்கென்று கட்டிய கல்வீடு. அவள் அப்பா பேட்ரிக் பிரான்ட்டே 1820இல் மனைவி, ஆறு குழந்தைகளோடு இங்கே வந்தார். முன்னால் சின்னத் தோட்டம், அதைத் தாண்டினால் இடுகாடு. அதன் கசிவு கலந்து ஊர்த் தண்ணீர் அவ்வளவு மோசம். பேட்ரிக் விடாமல் மனுப் போட்டதால் 1850இல் அரசு ஆய்வாளர் வந்து பார்த்தார். அங்கே செத்தவர்களின் சராசரி வயது 26கூட இல்லையாம்! பேட்ரிக் மட்டும் 84 வயது வரை இருந்து, ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார்.

எல்லோரும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புல்வெளி மேட்டையும் காற்றையும்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ ஷார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று சகோதரிகளின் நாவல்களெல்லாம் சாப்பாட்டு அறையில் பிறந்தவை என்றே படுகிறது. எமிலி உயிர்விட்டதாகச் சொல்லும் சோபாவும் அங்கேதான் கிடக்கிறது. கூட்டம் அதைத்தான் மொய்க்கிறது. நான் அவர்கள் எழுதிய மேசையை விட்டு நகரவில்லை. மை கொட்டிய கறை, மெழுகுவத்தி சுட்ட தழும்பு, யாரோ கீறிய 'ஈ' என்ற ஆங்கில எழுத்து. இரவு ஒன்பது மணிக்கு அப்பா பேட்ரிக் மாடிப்படிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். உடனே மூவரும் தையலை மூட்டை கட்டிவிட்டு, இந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி எழுதியதைப் பேசுவார்களாம். 1848 செப்டம்பரில் ஷார்லட்டின் தம்பி பிரான்வெல், டிசம்பரில் எமிலி, அடுத்த மே மாதம் ஆன் என்று ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். அதன் பிறகு ஷார்லட் தனியாகவே சுற்றி நடந்தாள். கேட்டுக்கொண்டிருந்த வேலைக்காரிக்கு மனசு ஆறவில்லையாம்.

1861இல் அப்பாவும் போனதும் மேசை ஏலத்தில் போய்விட்டது. 2015இல்தான், 5,80,000 பவுண்டு கொடுத்து, அதே அறைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாலு கால் மரத்துக்கு இவ்வளவா என்று மாமா கேட்பார். கேட்கட்டும்.

நீ வரும்போது கீத்லியிலிருந்து நீராவி ரயிலில் போகலாம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து கல் பாவிய செங்குத்துத் தெரு. உன் முழங்காலுக்கு ஆகாது, அங்கிருந்து வண்டி பிடித்துக்கொள்வோம். அதற்குள் 'வில்லெட்'டைப் படித்து முடி. தங்கைகள் போனபின் ஷார்லட் எழுதியது அது. நீ பாதியில் மூடி வைத்தது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் தங்கை