பித்தளைப் பொம்மையும் இரண்டு ஏக்கர் வயலும்

கணனி விளையாட்டொன்றைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையிலே எழுதுவதா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் எழுத வந்தது, ஒரு கதையிலே ஓட்டை விழுந்தால் அதை எப்படி அடைக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். இருபது வருடங்களாகக் கிராமத்துப் பாடசாலையொன்றிலே வரலாறு படிப்பித்து வரும் எனக்கு அது அந்நியமான சங்கதியல்ல.

என் தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் எங்கள் வீட்டிலே தங்கியிருந்தான். வரும்போதே ஒரு பழைய கணனியையும் காவிக்கொண்டு வந்தான். அதிலே அவன் இராப்பகலாக விளையாடியது ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்ற தொடர். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்திலுள்ள பெதெஸ்டா நிறுவனம் 1994 இல் ‘அரீனா’ என்ற பெயரிலே அதன் முதல் விளையாட்டை வெளியிட்டது. பிறகு 1996 இல் ‘டகர்ஃபோல்’, 2002 இல் ‘மொரோவிண்ட்’, 2006 இல் ‘ஒப்லிவியன்’, 2011 இல் ‘ஸ்கைரிம்’ என்று தொடர் நீண்டது. எல்லாமே தாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்திலே நடப்பவை. விளையாடுபவர் அங்கே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராகத் திரிந்து, தன் விருப்பப்படி முடிவெடுக்கிறார்.

வாளும் மந்திரமும் என்னை ஈர்க்கவில்லை. ஆனால் அந்த உலகத்து வீடுகளிலும் ஆலயங்களிலும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கிடக்கின்றன. எடுத்து விரித்து வாசிக்கலாம். ஒவ்வொன்றையும் அந்த உலகத்தவன் ஒருவன் எழுதியதாக வைத்திருக்கிறார்கள். ஒருவன் எழுதியதை மற்றவன் மறுக்கிறான். மருமகன் வாசித்துப் பொருள் சொல்ல, நான் சாய்மனைக் கதிரையிலே இருந்து கேட்டேன்.

முதலில் டகர்ஃபோலின் சிக்கல். இலியாக் வளைகுடா என்ற பகுதியிலே நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. நுமிடியம் என்ற மலைபோன்ற பித்தளைப் பொம்மை ஒன்று இருக்கிறது. அதை ஆட்டுவிக்கும் பொருள் விளையாடுபவரின் கைக்கு வருகிறது. அதை யாரிடம் கொடுப்பது? பேரரசனிடம் கொடுக்கலாம், மூன்று அரசுகளில் ஒன்றிடம் கொடுக்கலாம், ஓர்க் இனத்துத் தலைவனிடமோ பிணங்களை எழுப்பும் மந்திரவாதியிடமோ கொடுக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் கதை ஒவ்வொரு விதமாக முடியும். இப்படி ஆறேழு முடிவுகள். விளையாட்டு ஒன்றோடு நின்றிருந்தால் இதிலே தொல்லையில்லை. அடுத்த விளையாட்டு அதே உலகத்திலே, சில வருடங்கள் கழித்து நடக்கிறது. அப்படியானால் உண்மையிலே வென்றது யார்? ஒருவரைத் தெரிவுசெய்தால் மற்ற முடிவுகளைத் தேடியடைந்தவர்களின் உழைப்பெல்லாம் பொய்யாகிவிடும்.

ஆக்கியோர் கண்ட வழி விசித்திரமானது. எல்லா முடிவுகளும் ஒருமித்து நடந்தன என்று சொல்லிவிட்டார்கள். தாம்ரியலிலே காலத்தின் தெய்வம் ஒரு டிராகன். அந்த டிராகன் முறிந்தால் காலம் ஒரே கோட்டிலே ஓடாது. ஒன்றுக்கொன்று முரணான சம்பவங்கள் ஒரே வேளையிலே நடந்தேறும். மூன்றாம் யுகத்தின் 417 ஆம் ஆண்டிலே இரண்டே நாட்களுக்குள் அப்படியொரு முறிவு ஏற்பட்டதாம். காலம் மீண்டும் நேரானபோது நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் நான்காகச் சுருங்கியிருந்தன. ஓர்க்குகளுக்கும் நாடு கிடைத்திருந்தது, மந்திரவாதியும் தெய்வமாகியிருந்தான். பின்வந்த விளையாட்டிலே இதை விவரிக்க ஒரு தனிப் புத்தகமே வைத்தார்கள்.

“எப்படி மாமா? ஒருத்தருக்கும் நட்டமில்ல. எல்லாம்தான் நடந்திருக்கு” என்று மருமகன் பெருமைப்பட்டான்.

“நட்டமில்லாத கணக்கெண்டா அதில எங்கேயோ பிழை இருக்கும்” என்றேன்.

அவன் சிரித்தான். நான் பகடிக்குச் சொல்லவில்லை. ஒரு விளக்கம் சிலவற்றை ஏற்றுச் சிலவற்றைத் தள்ள வேண்டும். எதையும் தள்ளாத விளக்கத்தை எந்த ஓட்டையிலும் வைத்து அடைக்கலாம். நாளைக்கு இன்னொரு முரண்பாடு வந்தாலும் டிராகன் முறிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படியொரு வசதி பழகிப்போனால் எந்த வருடத்தையும் சரிபார்க்க வேண்டிய அவசியம் இராது.

ஆக்கியோரும் இதை உணர்ந்தே இருந்தார்கள் போலும். மொரோவிண்டிலே, 1008 வருடங்கள் நீடித்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய முறிவைப் பற்றிப் பல இனத்தவர் சாட்சியம் சொல்லும் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதே விளையாட்டிலே இன்னொரு புத்தகமும் இருக்கிறது. அதை எழுதியதாகச் சொல்லப்படும் அறிஞன், அப்படியொரு முறிவே நடக்கவில்லை, பிற்காலத்தவர் ஆண்டுகளைப் பிழையாகக் கணித்ததால் வந்த மயக்கம் அது, ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்தெழுதியே அது நிலைத்துவிட்டது என்று வாதாடுகிறான். தாங்கள் போட்ட ஒட்டைத் தாங்களே கேள்விகேட்கும் ஓர் அறிஞனைப் படைத்து வைத்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது ஓட்டை நிலத்தைப் பற்றியது. 1998 இல் ‘ரெட்கார்ட்’ என்ற விளையாட்டோடு பேரரசின் கையேடு என்ற சிறுநூல் ஒன்றையும் கொடுத்தார்கள். தலைநகர் அமைந்த சிரோடில் மாகாணத்தைப் பெரும்பாலும் அடர்ந்த வெப்பக்காடு என்று அது வருணித்தது. 2006 இல் ஒப்லிவியன் வந்தபோது அதே சிரோடில், ஐரோப்பிய நாட்டுப்புறம்போலப் புல்வெளியும் ஓக் மரங்களுமாகக் காட்சி தந்தது. ஆக்கியோர் மனம் மாறினார்கள் என்பதே நிஜமான காரணம். கதைக்குள்ளே வாழ்பவனுக்கு அந்தக் காரணம் உதவாது. அதனால் இரண்டு விளக்கங்கள் பிறந்தன. பேரரசைக் கட்டியெழுப்பியவன் தெய்வமாக உயர்ந்தபோது தன் படைவீரர்களுக்காக அந்தக் காட்டையே மாற்றியமைத்தான் என்பது ஒன்று. 2014 இல் வந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன்’ விளையாட்டிலே ஓர் ஆய்வாளர் சொல்வது மற்றது: பழைய ஏட்டைப் பிரதிசெய்தவர் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டார், அங்கே வெப்பக்காடு ஒருநாளும் இருக்கவில்லை.

பிரதி செய்தவரின் பிழை என்ற விளக்கத்தை மருமகன் சப்பென்றிருக்கிறது என்றான். எனக்கு அதுதான் பிடித்தது. ஏடு பெயர்த்தெழுதும் உலகத்திலே உண்மையாக நடக்கக்கூடிய பிழை அது. அதோடு, அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம். வேறொரு பழைய நூலும் அதே நிலத்தை முன்பு காடாக இருந்தது என்று சொன்னால், அந்த விளக்கம் ஆட்டங்காணும். ஒப்லிவியனிலேயே அப்படிச் சொல்லும் நூல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த ஆய்வாளருக்கு வந்துவிடுகிறது. கையேட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. பேரரசின் பெருமையைப் பாட எழுதிய நூல் அது. அதன் ஓரங்களிலே பேரரசை வெறுக்கும் ஒருவன் எழுதிய குறிப்புகளையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள்.

மூன்றாவது, வேண்டுமென்றே விடப்பட்ட ஓட்டை. மொரோவிண்டின் பழங்கதையிலே செம்மலை என்ற இடத்தில் ஒரு பெரும்போர் நடக்கிறது. அதன் முடிவிலே நெரெவார் என்ற தலைவன் இறந்துபோகிறான். போர்க் காயங்களால் இறந்தான் என்கிறது ஆலயம். அவனுடைய ஆலோசகர்கள் மூவருமே அவனைக் கொன்று, அந்தச் சக்தியால் தெய்வங்களானார்கள் என்கிறார்கள் சாம்பல்நிலத்து நாடோடிகள். விளையாடுபவரோ அந்த நெரெவாரின் மறுபிறப்பாகக் கருதப்படுகிறவர். தன்னைக் கொன்றது யார் என்று தேடி அந்தத் தீவு முழுக்க அலைகிறார். கடைசிவரை விளையாட்டு தீர்ப்புச் சொல்வதில்லை.

இதைப் பெயர்களோடு எழுதித் தரம் 10 மாணவர்களுக்கு ஒருநாள் கொடுத்தேன். ஆசிரியர் கலாசாலையிலே மூலாதாரங்களைப் பற்றிப் படித்த பாடத்தை இவ்வளவு இலகுவாக நடத்த அதற்குமுன் வாய்த்ததில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம்போட்டது. பின்வாங்கிலே இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “சேர், சொல்றவங்க அங்க நிண்டவங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு சத்தம் அடங்கியது. ஆலயத்தின் தெய்வங்களில் ஒருவரான விவெக் அங்கே நின்றவர்தான். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவரே. நாடோடிகளின் கதை, நெரெவாரின் மெய்க்காவலன் ஒருவன் தப்பிவந்து சொன்னது. பிறகு வாய்மொழியாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தது. ஒருவருக்கு மறைக்கக் காரணம் இருக்கிறது. மற்றவரின் கதைக்கு நீண்ட பயணம் இருக்கிறது. பிள்ளைகள் தீர்ப்பு எழுதவில்லை. ஒவ்வொரு சாட்சியின் பக்கத்திலும் ஒரு குறிப்பு எழுதினார்கள். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அந்த மாதங்களிலேதான் எங்கள் குடும்பத்திலும் ஒரு காலக்குழப்பம் முற்றியது. மூத்தாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் வயலைப் பற்றியது. “சூறாவளிக்கு முதலே வாப்பா எனக்கெண்டு சொல்லித் தந்த காணி” என்பது சின்ன மாமாவின் பேச்சு. “சூறாவளிக்குப் பொறகு ஈட்டிலிருந்து மீட்டவன் நான்” என்பது பெரிய மாமாவின் பேச்சு. 1978 நவம்பர் 23 இல் கிழக்கைத் தாக்கிய சூறாவளி எங்கள் பக்கத்திலே எல்லாச் சம்பவங்களுக்கும் ஓர் எல்லைக்கல். இரண்டிலொன்று பொய் என்று ஊரே பேசியது. இரண்டு பேரும் கலியாண வீடுகளிலே கூட ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை.

“மாமா, டிராகன் முறிஞ்சிருக்கு. ரெண்டும் உண்மைதான்” என்றான் மருமகன்.

பகிடிதான். என்றாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. இலியாக் வளைகுடாவிலே ஆறேழு பேருக்கு ஒரே வெற்றியைப் பங்குவைக்கலாம். வயலிலே அப்படி வைக்க முடியாது. போகத்துக்குப் போகம் யாரோ ஒருவர்தான் விதைக்க வேண்டும்.

உம்மாவின் அலுமாரியிலே பழைய கடதாசிக் கட்டொன்று கிடந்தது. அதைப் பிரித்துத் தேடியபோது ஈட்டு உறுதி கிடைத்தது. 1979 மார்ச்சிலே வயல் ஈடு வைக்கப்பட்டிருக்கிறது. 1983 இல் பெரிய மாமாவின் பெயரிலே பணம் கட்டி மீட்கப்பட்டிருக்கிறது. சூறாவளியிலே கூரை போன வீட்டை மீண்டும் போடத்தான் வயலை ஈடு வைத்தார்கள் என்று உம்மா சொன்னா. அப்படியானால் வாய்ச்சொல்லாகக் கொடுத்தது முந்தி. ஈடும் மீட்பும் பிந்தி. காலம் எங்கேயும் முறியவில்லை. ஆளுக்குப் பாதிக் கதையை வைத்துக்கொண்டு அதையே முழுக்கதை என்று நாற்பது வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வருடங்களை ஒரு தாளிலே வரிசையாக எழுதி இருவரிடமும் காட்டினேன். ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்வது அதோடு நின்றது. வயல் யாருக்கு என்ற கேள்வி நிற்கவில்லை. கொடுத்த சொல்லுக்கு எவ்வளவு, மீட்ட காசுக்கு எவ்வளவு என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசுகிறார்கள் என்பதே பெரிய காரியம்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆக்கியோருக்கும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. ஸ்கைரிமிலே ஓர் உள்நாட்டுப் போர் நடக்கிறது. பேரரசின் பக்கமோ கிளர்ச்சிக்காரரின் பக்கமோ, விளையாடுபவர் சேரும் பக்கம் வெல்லும். அந்தப் போருக்கு மூலகாரணமான மரணத்தையும் இரு தரப்பாரும் இரு விதமாகச் சொல்கிறார்கள். கிளர்ச்சித் தலைவன் அரசனை முறையாக அறைகூவிப் போரிட்டு வென்றான் என்கிறது ஒரு தரப்பு. அது கொலை என்கிறது மற்றது. தொடரின் ஆறாவது விளையாட்டை 2018 இலே அறிவித்தார்கள். ஸ்கைரிமுக்குப் பிந்திய காலத்திலே அதன் கதையை வைத்தால், அந்தப் போரிலே வென்றது யார் என்ற கேள்விக்கு அவர்கள் முகங்கொடுக்க வேண்டிவரும்.

“திரும்பவும் டிராகன முறிச்சிருவாங்க மாமா” என்று மருமகன் அடித்துச் சொல்கிறான். எனக்கு வேறோர் ஆசை இருக்கிறது. அந்தப் போரிலே ஒரு காலை இழந்த பழைய சிப்பாய் ஒருவன் ஒரு கதையைச் சொல்லட்டும். மகனைப் பறிகொடுத்த தாயொருத்தி இன்னொரு கதையைச் சொல்லட்டும். அவர்கள் எங்கே நின்றார்கள், எந்த வருடத்திலே நின்றார்கள் என்று மட்டும் சரியாக எழுதி வைத்தால் போதும். மிச்சத்தை என் பின்வாங்குப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.