லிங்க் முதல் கமெண்ட்டில்

பேஸ்புக்கில் புத்தகச் சேதி போடும்போது, வாங்குவதற்கான லிங்க்கைப் பதிவிலேயே வைக்கக் கூடாது, முதல் கமெண்ட்டில்தான் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அண்ணன் மகன். வெளியே கூட்டிப்போகிற லிங்க் இருந்தால் அந்தப் பதிவு அதிகம் பேர் கண்ணில் படாது என்பது எழுதுகிறவர்கள் மத்தியில் ஊறிப்போன நம்பிக்கை. அதனால்தான் புத்தக அறிவிப்புகளின் கடைசி வரியில் 'லிங்க் முதல் கமெண்ட்டில்' என்பதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். "அட்டையை மட்டும் போட்டா தாண்டிப் போயிருவாங்க அத்தை. நீங்க கையில புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றான். நின்றேன்.

அப்படி நிற்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. எழுதுகிறவர் தன் புத்தகத்தைப் பற்றித் தானே பேசலாகாது, நல்லதாக இருந்தால் தானே ஆள் தேடிப் போகும் என்று ஒரு பேச்சு நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்களை எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. எங்கள் கோவில்பட்டியிலிருந்து பக்கம்தான். 1920இல் அங்கிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகச் சொன்னார். முதல் போடக் கடன் கேட்டார், வட்டி தருவதாகவும் எழுதினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாகத் தன் புத்தகங்கள் தமிழ்நாட்டில் விலைபோகும் என்று அடித்துச் சொன்னார். கேட்ட பணம் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இல்லை.

அந்தக் கடிதத்தில் தீப்பெட்டி என்ற இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடிவதில்லை. மனசு அம்மாவிடம் போய்விடும். பாரதி அதை எழுதிய காலத்தில் இந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டி ஆபீஸ் கிடையாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்தது 1922இல். திரும்பி வந்து தொடங்கியது 1923இல். அதற்குப் பிறகு மழை பொய்த்த ஊர்களுக்கெல்லாம் அந்த வேலை பரவியது. அம்மா காலத்தில் எங்கள் தெருவில் பெட்டி ஒட்டாத வீடு இல்லை. கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. லேபிளில் இருக்கிற படத்தை வைத்துத்தான் இன்ன ஆபீஸ் பெட்டி என்று சொல்வாள். புலி, கிளி, தாமரை. லேபிளைக் கோணலாக ஒட்டினால் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவாள். "யாரோ ஒருத்தி கடையில நின்னு இதைத்தான பாத்து வாங்குவா" என்பாள். அந்த யாரோ ஒருத்தி பீகாரில் இருக்கலாம், ஒடிசாவில் இருக்கலாம். அவளை நினைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுத் திண்ணையில் லேபிள் நேராக விழுந்தது.

என் புதிய புத்தகம் அந்தத் திண்ணைகளைப் பற்றியது. பெட்டி ஒட்டியவர்கள், கட்டையில் குச்சி அடுக்கியவர்கள், விடிவதற்கு முன்னே ஆபீஸ் வண்டியில் ஏறிப்போன பிள்ளைகள். சிறுகதைகள். இவர்களைப் பற்றி எழுதிவிட்டு அதைப் பரணில் போட்டுவைக்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஜூலையில் கொண்டுவரும்படி பதிப்பாளரிடம் நானே கேட்டேன். ஜனவரி என்றால் சென்னைப் புத்தகக் காட்சி. 1977இல் அண்ணா சாலையில் மதரஸா-ஐ-ஆஸம் பள்ளியில் சிறிதாகத் தொடங்கியது, இன்றைக்குத் தமிழ்ப் பதிப்புலகத்தின் அறுவடைக் காலமே அதுதான். டிசம்பர் பாதியிலிருந்து எல்லோர் கையிலும் புதுப் புத்தகம், எல்லோர் பதிவிலும் அரங்கு எண். அந்த நெரிசலில் முதல் புத்தகக்காரர் ஒருவர் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் கேட்காது. ஜூலையில் ஆட்களுக்குக் கொஞ்சம் காது இருக்கிறது. இளம் எழுத்தாளர்கள் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். நாம் அனுப்புகிற சேதி ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியது மாதிரி போய் நிற்கும். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் பதிந்துவைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் அது போகும். இதைத் தெரிந்துகொண்ட அன்று வெகுநேரம் டிக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை டிக்கோடு சில பெயர்கள் அப்படியே நின்றன. போன் அணைந்திருக்கலாம், எண் மாறியிருக்கலாம். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி பெயருக்கு நேராக இரண்டு நீல டிக் விழுந்தது. பத்தாம் வகுப்போடு கல்யாணம் ஆகிப் போனவள். இத்தனை வருஷம் என் எண்ணை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். "டீச்சர், பின்கோடோட அட்ரஸ் அனுப்பவா?" என்று கேட்டாள்.

சி.சு. செல்லப்பாவுக்கு இந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிப்பேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர்; பிறகு புத்தகமும் போட்டார். அவற்றை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பேராசிரியர்களின் அறை வாசலில் நின்று பிரித்துக் காட்டினார். புதுக்கவிதை இந்த மண்ணில் கால் ஊன்றியதில் அந்த மூட்டைக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாகவே நம்புகிறேன். முதுமையில் மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' நாவலையும் அவரே வெளியிட்டார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல், அவர் காலமான பிறகு.

இன்னும் பின்னால் போனால் உ.வே.சா. 1887இல் வந்த சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் முன்பணம் சேர்த்த விதம். படித்தவர், பணம் உள்ளவர் எனத் தேடிப்போய்க் கையொப்பம் வாங்கினார், கடிதம் எழுதினார், வந்த தொகையை வைத்து அச்சு ஓட்டினார். இன்றைக்கு முன்பதிவு என்று ஒரு கூகுள் படிவமும் கியூஆர் கோடும் வைத்துப் பதிப்பாளர்கள் செய்வது அந்த வேலையைத்தான். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், அடியில் முகவரி.

முகவரிகளை நான் கையால்தான் எழுதுகிறேன். அச்சடித்து ஒட்டலாம், நேரம் மிச்சம். ஆனால் எழுதும்போது ஊர் மனசில் நிற்கிறது. திருத்துறைப்பூண்டியில் ஒரு மருந்துக்கடை, ஓசூரில் ஒரு கம்பெனிக் குடியிருப்பு, சங்கரன்கோவிலில் 'தேர் நிலை பின்புறம்'. பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனபோது தமிழ்ச் சிறுபதிப்பாளர்கள் எல்லோருக்கும் அனுப்புகிற இந்த இடத்தில்தான் நெஞ்சு வலித்தது. ஐந்து கிலோ வரை குறைந்த கட்டணத்தில் இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும் மெலிந்த கதைத் தொகுப்பு ஒன்றை அனுப்புகிற செலவு அதன் விலையில் கணிசமான பங்கைத் தின்றது. ஆன்லைனில் விற்பது என்று நாம் பேசுகிறோம்; கடைசியில் ஒரு கட்டு காகிதம் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறித்தான் ஆக வேண்டும். புத்தகத்துக்கென்று மலிவான அஞ்சல் இருப்பது சலுகைக் கணக்கில் வராது. நூலகம் மாதிரி, பள்ளிக்கூடம் மாதிரி, சமூகம் தனக்குத்தானே செய்துகொள்கிற ஏற்பாடு அது.

செய்ய மாட்டேன் என்று வைத்திருப்பவையும் உண்டு. ஐம்பது பேரை டேக் பண்ண மாட்டேன். கேட்காமல் அடுத்தவர் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதுதான் அது. படிக்காதவரிடம் ஐந்து நட்சத்திரம் கேட்க மாட்டேன். இந்தப் பழக்கம் நம்மிடம் மெல்ல நுழைந்துவிட்டது. நண்பர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அதை நம்பி ஒரு பெண் இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கி, ஏமாந்தால், அடுத்த தமிழ்ப் புத்தகத்தை அவள் வாங்குவாளா? அவள் சம்பளத்தில் அது எத்தனை மணி நேரம்? அம்மா கோணல் லேபிளைப் பிய்த்தது இவளுக்காகத்தான்.

கிண்டிலிலும் போட்டிருக்கிறேன். தொண்ணூறு நாளைக்கு வேறெங்கும் மின்னூலாக விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், அதில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இலவச நாட்களில் தரவிறக்கம் மளமளவென்று ஏறும். அதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண் பிடிபடவில்லை. பிடித்தது வேறொன்று. மாதச் சந்தாவில் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று காட்டுகிற சின்னக் கோடு. யார் என்று பெயர் இருக்காது. ஒருநாள் நாற்பது பக்கம், மறுநாள் ஒன்றும் இல்லை, அதற்கு மறுநாள் மிச்சம் முழுவதும். யாரோ ஒருவர் நடுவில் ஒருநாள் வேலையாக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அல்லது இரண்டு பேரோ. காகிதத்தில் எழுதிய முன்னோர் யாருக்கும் இப்படி ஒரு சேதி கிடைத்ததில்லை.

பாரதி கேட்ட பணம் வந்து சேரவில்லை என்று மேலே எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1949இல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கியது. பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, மலிவுப் பதிப்புகள் பஸ் ஸ்டாண்டுக் கடை வரைக்கும் வந்தன. நான் முதலில் வாங்கிய பாரதியார் கவிதைகள் அப்படி ஒன்று. நியூஸ்பிரிண்ட் தாள், ஒரு பக்கத்து மை மறுபக்கத்தில் தெரியும். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விற்ற அதே கடை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது, முப்பது வருஷம் முந்திச் சொல்லிவிட்டார். அப்படிக் காத்திருந்த இன்னொரு புத்தகம் பூமணி அண்ணாச்சியின் 'வெக்கை', 1982இல் வந்த நாவல். 2019இல் அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் வந்தபோது, அதுவரை அவர் பெயரைக் கேட்டிராத பையன்கள் அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். அப்போது அது அச்சில் உயிரோடு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதை யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் பதிவுகளில் எதற்குப் பலன் என்று கேட்டால், நான் எழுதிய எதற்கும் இல்லை. திருப்பூரில் ஒரு மில் ஹாஸ்டலில் இருக்கும் பெண், புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன் பக்கத்தில் நாலு வரி எழுதினாள். எழுத்துப்பிழைகளோடு, படம் இல்லாமல். சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். மறுநாளிலிருந்து வந்த முகவரிகளில் பாதி அவளைப் படித்துவிட்டு வந்தவை. நான் நன்றி சொல்லி எழுதியதற்கு ஷிப்ட் முடிந்து இரவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"அக்கா, அந்தப் பசை வாசம் எங்க வீட்டு வாசம்க்கா. எங்கம்மா சோறு பிசைஞ்சு குடுத்தா சோத்துலயும் அது இருக்கும். இங்க ரூம்ல ஒம்பது பேரு இருக்கோம், ஒரே புக்கு. அதைக் கிழிச்சிருவாளுங்க போல. பத்துக் காப்பி போட்டு விடுங்க. தள்ளுபடி எல்லாம் வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுட்டோம்."

பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். அவள் எழுதியதை என் பக்கத்தில் பகிரலாமா என்று கேட்டேன்.

"பேரு மட்டும் எடுத்துட்டுப் போடுங்கக்கா. சூப்பர்வைசர் பேஸ்புக்ல இருக்காரு. அப்பறம், அந்த மூணாவது கதையில அந்தப் புள்ள திரும்ப பள்ளிக்கூடத்துக்குப் போனாளா இல்லையான்னு இங்க ஒரே சண்டை. அதை மட்டும் எங்களுக்குத் தனியாச் சொல்லுங்க."