மிச்சச் சாமான் விற்கும் நண்பர்களுக்கு

மொரிஸ் மைனர் பிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பாவின் 1958 மைனரை நாங்கள் விற்றுப் பல வருடமாகிவிட்டது. கார் போனாலும் சாமான்கள் போகவில்லை. இரண்டு உரப்பையிலும் ஒரு தகரப் பெட்டியிலும் ஸ்டோர் ரூமில் கிடந்தன. வாப்பா மௌத்தான பிறகு உம்மா சொன்னார்: "யாருக்காவது பிரயோசனப்படக் குடுங்க மகன்."

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, படம் எடுத்து, தெரிந்த பழைய கார்க்காரர்களுக்கு அனுப்பினேன். லூகாஸ் டைனமோ ஒன்று, எஸ்.யு. காபுரேட்டர் ஒன்று, கதவுத் தூணிலிருந்து எழும்பும் சிக்னல் கை ஒரு சோடி, முன் சில்லின் கீழ் ட்ரனியன் ஒரு சோடி. எல்லாவற்றுக்கும் கீழே "நல்ல கண்டிஷன்" என்று ஒரே வசனம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி ட்ரனியனுக்காகக் கோல் எடுத்தார். புதிது இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள். ஆனால் பவுண் விலை, அனுப்பும் செலவு, தீர்வை எல்லாம் சேர்ந்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது. சோடி 15,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். வெள்ளி இரவு பஸ் ஏறினார்.

அன்றிரவு பார்சல் கட்டும்போதுதான் பெட்டியின் அடியில் பழைய கிங்பின் ஒன்று கிடைத்தது. சும்மா ட்ரனியனில் திருகிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. புரி தேய்ந்து போயிருந்தது.

மைனர் ஓட்டுபவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். இந்தக் காரில் கிங்பின்னின் கீழ்ப்பக்கம் ட்ரனியனுக்குள் புரியால்தான் நிற்கிறது. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் புரி தேயும். தேய்ந்தால் ஒரு நாள் கழன்று, சில்லு மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிடும்.

1996இல் கடுகண்ணாவை வளைவில் எங்களுக்கே அது நடந்தது. முன் சீட்டில் உம்மா, மடியில் தங்கச்சி. மெதுவாகத் திரும்பியதால் அல்லாஹ் காப்பாற்றினான். அதன்பிறகு வாப்பா இரண்டு பக்கமும் மாற்றினார். கழற்றிய பழசை எறியவில்லை. அந்தச் சோடிதான் என் கையில் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் யோசித்தேன். அந்தத் தம்பிக்குக் கழுவிய ட்ரனியனைப் பார்த்து ஒன்றும் விளங்காது. காசும் தேவைதான். ஆனால் போன தவணையில் எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நான்தான் படிப்பித்தேன். ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர்கள் அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். நான் மண்ணெண்ணெய் போட்டு ஈரத்தை மறைத்திருந்தேன்.

கோல் எடுத்தேன். போன் ஓஃப்.

சனி காலை வந்தார். தேத்தண்ணி குடித்த பிறகு கிங்பின்னைத் திருகி ஆட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படம் போட முதலே பாத்திருக்கலாமே சேர்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

போக வர பஸ் காசை நீட்டினேன். மறுத்தார். வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார். டைனமோவைக் கேட்டார். இந்த முறை வாயால் சொல்லவில்லை. இரண்டு முனையையும் சேர்த்துப் பெட்டரியில் கொடுத்தேன், மோட்டார் போல் சுழன்றது. பார்த்துத் திருப்திப்பட்டு எடுத்துப் போனார். ட்ரனியன் சோடியை ஹாக்சோவால் குறுக்கே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன். இல்லாவிட்டால் இன்னொருவர் கழுவி விற்பார்.

எனக்கு விளங்கியது இதுதான். எங்கள் வீடுகளில் மிச்சம் கிடக்கும் சாமான் இரண்டு வகை. ஒன்று, தேவைப்படும் என்று வாங்கி வைத்தது. மற்றது, பழுதென்று கழற்றி வைத்தது. பத்து வருடம் ஒரே பெட்டியில் கிடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். விற்கிற எங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதனால் விற்க முதல் "இதை ஏன் கழற்றினோம்?" என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். வாங்குபவரும் அதையே முதலில் கேளுங்கள். பிரேக், ஸ்டியரிங், முன் சில்லுச் சாமான் என்றால் கட்டாயம்.

இப்போது என்னிடம் மிச்சம்:
காபுரேட்டர்: ஸ்பின்டில் தேய்ந்து காற்று இழுக்கிறது. உதிரிப் பாகத்துக்கு மட்டும்.
சிக்னல் கை: ஒன்று எழும்புகிறது, மற்றது எழும்பாது.

தேவையானவர்கள் வந்து, கையால் ஆட்டிப் பார்த்து எடுங்கள்.