ஆரம்பாக்கத்தில் அநாதிகள்

சென்னையில் சூலூர்ப்பேட்டை வண்டியில் ஏறி உட்கார்ந்தால் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வந்து, ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்து விடுகிறது. ரயிலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குத் தடாவுக்குப் போகிறது. வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு "ஆரம்ப"பாக்கம் பொருத்தமான பெயர்தான். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் "முடிவுப்பாக்கம்" என்றல்லவா சொல்ல வேண்டும்?

கடைத்தெருவில் டீ கேட்டால் தமிழில் பதில் வருகிறது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெலுங்கில் போகிறது. மேற்கே லாரிகள் ஓயாமல் ஓடும் பெரிய சாலை, தொழிற்சாலைகள். அவற்றைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. நாம் கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கம் போவோம்.

ஏரியின் தென்கரை ஊர்களில் இருளர்கள் இருக்கிறார்கள். வலையில்லாமல், சேற்று நீரில் கையால் துழாவியே இறால் பிடிப்பவர்கள். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை மீட்பார்கள். மூலிகையும் தெரியும், பாம்பும் தெரியும். 1978-ல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவது அதன் தொழில். 2023-ல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

ஏரியின் வடபுறம், ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் போனால் இதே மாதிரி வாழ்க்கை. ஆனால் பேச்சு தெலுங்கு, பெயர் யானாதி. "அநாதி", அதாவது ஆரம்பமே இல்லாதவர்கள் என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஆரம்பம் இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் ஆரம்பாக்கம்!

இருளரும் யானாதியும் ஒரு மரத்துக் கிளைகளா, வேறு வேறு மரங்களா? அமெரிக்காவில் கம்யூனிடி காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரிகளில், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள்கூட மனித இனங்களைப் பற்றி ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இந்தப் படிப்பைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் எட்கார் தர்ஸ்டன் துரை. 1885 முதல் 1908 வரை எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்தவர். கருவிகளோடு ஊர் ஊராகப் போய் ஜனங்களின் தலையை அளந்தார். மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து கணக்குப் போட்டார். ரங்காச்சாரி என்பவரின் துணையோடு 1909-ல் ஏழு பாகங்களில் புத்தகம் வெளியிட்டார். பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் இன்றும் சுவையாகவே இருக்கிறது. மூக்கு அளவுகளைத்தான் யாரும் தீண்டுவதில்லை. மூக்கை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது என்று விஞ்ஞானம் தள்ளிவிட்டது.

துரையின் கருவி போயிற்று, காகிதம் வந்திருக்கிறது.

1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி தாலுகாவில் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. பழங்குடிப் பட்டியலோ மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஆந்திரப் பட்டியலில் யானாதி உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் உண்டு, யானாதி இல்லை. ஒரு மாநிலத்துச் சலுகையை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துப் போக முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடாவிலிருந்து பிழைப்புக்கு இங்கே வந்த ஒரு யானாதிக் குடும்பம், ஒரு ஸ்டேஷன் தூரத்தில் பழங்குடி என்ற பாத்தியதையை இழந்து விடுகிறது!

இருளர் பிள்ளைகளுக்காவது சுலபமா என்றால், அதுவும் இல்லை. 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். சந்தேகம் வந்தால் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது: குலதெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணம் புதைக்கும் விதம். போலிகள் புகாமல் இருக்க இது வேண்டியதுதான். ஆனால் பிளஸ் டூ முடித்த பெண் கன்னியம்மனைக் கும்பிடுவாள்; மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கும் போவாள். எலி வளை தோண்டத் தெரியுமா என்று கேட்டால் விழிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவளுக்கு அது எப்படித் தெரியும்? படிக்கப் படிக்க அதிகாரியின் கண்ணுக்கு அவள் இருளராகத் தெரியாமல் போகிற அபாயம் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கான சார் ஆட்சியர் அலுவலகம் பொன்னேரியில் இருக்கிறது. உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியும் பொன்னேரியில்தான். ஒரே ஸ்டேஷனில் இறங்கி இரண்டுக்கும் போகலாம்; ஆனால் அலுவலகம் முந்தி, கல்லூரி பிந்தி. கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது மே, ஜூன் மாதங்களில். ஏரியில் தண்ணீர் வற்றி, பல குடும்பங்கள் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருக்கும் காலம் அது. விசாரணைக்கு ஆள் வரும்போது குடிசையில் பாட்டி மட்டும் இருப்பாள். பேத்தியின் குலதெய்வம் எது, கல்யாண முறை என்ன என்று அவளிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.