உள்பக்கம்

"கவிதை பற்றி எழுதியது போதும், உங்கள் கம்பெனி பற்றி எழுதுங்கள்" என்றார் பத்திரிகை நண்பர். அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். கவிதை எழுதுகிற ஒருவன் பூட்டு செய்து விற்கிறான் என்பதில் அவருக்கு ஒரு குறியீடு கிடைத்துவிடுகிறது. நம் கவிதைகளில் கதவுகள் ஏராளம். திறந்த கதவு, மூடிய கதவு, கதவே இல்லாத வீடு. எதற்கும் கீல் கிடையாது. எந்தப் பக்கம் திறக்கும் என்று எந்தக் கவிஞனும் சொல்வதில்லை. எனக்கோ முதல் கேள்வியே அதுதான். உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா என்று தெரியாமல் ஒரு கதவுக்கு விலை சொல்ல முடியாது.

அப்பா திண்டுக்கல் நாகல்நகரில் பூட்டுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தவர். மாங்காய்ப் பூட்டின் லீவர்களை அரத்தால் ராவி ராவி, ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் சேரும்படி செய்வது அவர் வேலை. சாயங்காலம் விரல் நுனிகளில் பித்தளைத் தூள் மினுங்கும். நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோயமுத்தூர் வந்து, 1999இல் கணபதியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். நானும் ஒரு கூட்டாளியும், காயில் சுற்ற ஒரு கை மெஷினும்.

நாங்கள் செய்தது மின்காந்தப் பூட்டு. நிலையின் மேல்கட்டையில் ஒரு மின்காந்தம், கதவின் தலைப்பில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடினால் போதும், 272 கிலோ இழுவைக்குத் தாங்கும். பெரியது 544 கிலோ. அட்டையைக் காட்டினால் மின்சாரம் நிற்கும், கதவு விடும். நகரும் பாகம் எதுவுமில்லை. தகட்டை மட்டும் இறுக்கி முடுக்கக்கூடாது. ரப்பர் வாஷர் போட்டுச் சற்றே ஆட விடவேண்டும். அப்போதுதான் காந்தத்தோடு முழுக்கப் படியும். இறுக்கி முடுக்கினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், கதவைக் குழந்தை தள்ளினாலும் திறந்துவிடும். இதை யாரும் படிமமாக்கிவிட வேண்டாம். புதுப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விஷயம், அவ்வளவுதான்.

இந்தப் பூட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு. மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். தீ பிடித்து எல்லாம் அணைந்தாலும் உள்ளே இருப்பவன் வெளியேறிவிடலாம். வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காததும் இதுதான். 2012இல் கோயமுத்தூரில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம் என்றிருந்த நாட்களில், பூட்டைவிடப் பாட்டரியைத்தான் அதிகம் விற்றோம். 7 ஆம்பியர் பாட்டரி ஒன்று கணக்குப்படி 14 மணி நேரம் கதவைப் பிடித்துக்கொள்ளும். நடைமுறையில் சற்றுக் குறையும்.

நாலு பேர் இருபது பேரானோம். அந்தச் சமயத்தில்தான் சீனத்திலிருந்து முழுப் பூட்டாகவே வந்து இறங்க ஆரம்பித்தது. செம்புக் கம்பிக்கும் இரும்புக்கும் நாங்கள் கொடுத்ததைவிட அதன் விலை கொஞ்சம்தான் கூடுதல். மூன்று மாதக் கடனில் சரக்கு கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளத்துக்கு அலைந்துகொண்டிருந்தோம். 2013இல் ஒரு நூற்பாலையிலிருந்து அழைப்பு வந்தது. பெண் தொழிலாளர்களின் விடுதி. நாற்பது கதவுகள். ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் தானே பூட்டிக்கொள்ள வேண்டும், காலை ஷிப்டுக்குத் திறக்கவேண்டும். உள்ளேயிருந்து திறக்க எதுவும் கூடாது. கரண்ட் போனாலும் திறக்கக்கூடாது.

ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்டில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. "நாம செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான். அவன் உள்ளே ஒரு பட்டன்கூட வெக்க மாட்டான். நாம போனா அதையாவது வெப்போம்" என்றார். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று தோன்றியது. எங்கே என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன், பெரிய ஆர்டர் என்கிற பெருமையோடுதான். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள இருக்கிற புள்ளைக கையில சாவி இருக்குமாடா?" என்றார்.

"இருக்காதுப்பா."

"நாங்க பண்ணுன பூட்டெல்லாம் சாமானை வச்சுப் பூட்டுறதுக்கு. ஆளை வச்சுப் பூட்டுறதுக்கில்ல." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்.

நான் ஆர்டரை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒரு பச்சைப் பட்டன், தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லாக் கதவுகளும் தானே திறக்கும்படி ஓர் இணைப்பு. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுத்தேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது ஒரு திருப்தி இருந்தது. ஆறு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போன பையன் திரும்பி வந்து, "பட்டன் எல்லாம் இருக்குங்க சார், ஒயரைத்தான் வெட்டி டேப் சுத்தியிருக்காங்க" என்றான். மணியின் இணைப்பும் அப்படியே. மறுபடி இணைத்துவிட்டு வா என்று அனுப்பினேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் எழுதினேன். பராமரிப்பு ஒப்பந்தம் ரத்தாயிற்று, கடைசித் தவணைப் பணமும் வரவில்லை. தொழிற்சாலை ஆய்வாளரிடம் போயிருக்கலாம். போகவில்லை. போனால் மற்ற ஆலைகளில் எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று கூட்டாளி சொன்னார் என்று எழுதலாம். அவர் சொல்வதற்கு முன்பே நான் அதை யோசித்திருந்தேன் என்பதுதான் உண்மை. ஏற்கனவே வந்திருந்த பணத்தில் பக்கத்து ஷெட்டையும் எடுத்தோம். இன்றைக்கும் அதில்தான் காயில் சுற்றுகிறோம்.

சேக்கிழார் சொல்லும் வேதாரண்யத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். வேதங்கள் பூட்டிவிட்டுப்போன கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாடவேண்டியிருந்தது. அதை மூட சம்பந்தருக்கு ஒரு பாட்டு போதும். அப்பருக்கு அதில் வருத்தம். பக்தியின் தராதரம் பற்றிய கதையாகவே அதைப் படித்திருக்கிறேன். இப்போது தொழில்காரனாகப் படிக்கும்போது வேறாகத் தெரிகிறது. அடைப்பது சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். திறக்கவேண்டிய நேரத்தில், திறக்கவேண்டியவருக்குத் திறப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கூட்டாளியின் தர்க்கத்தில் இருந்த ஓட்டையும் இங்கேதான். பட்டனை நாங்கள் வைத்தோம், ஆனால் ஒயர் அவர்கள் கையில் இருந்தது. எங்களிடமிருந்து அவர்கள் வாங்கியது பூட்டை மட்டும்தான்.

பிறகு விரல்ரேகை வந்தது. நூலிலும் பாத்திரத்திலும் கை தேய்ந்தவர்களை அது அடையாளம் காணவில்லை. முதலாளிகளை உடனே கண்டுகொண்டது. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் விரல் வைப்பதையே நிறுத்தினார்கள். இப்போது முகத்தைப் பார்க்கும் கருவிகளை விற்கிறோம். அப்பாவின் பூட்டு யார் திறந்தது என்று சொல்லாது. எங்களுடையது நிமிஷக் கணக்கோடு சொல்லும். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை.

ஆளை வைத்துப் பூட்டும் வேலை எதையும் அதன்பின் எடுக்கவில்லை. இது பிராயச்சித்தம் ஆகாது என்று தெரியும். அந்த நாற்பது கதவுகளும் வெளிப்பக்கம் திறப்பவை. ஆகவே பூட்டு உள்பக்கம் இருக்கிறது. எங்கள் கம்பெனியின் பெயர் பொறித்த சிறிய அலுமினியத் தகடும் அதன்மேல்தான். வெளியே நிற்பவர்களுக்கு அது தெரியாது. படுத்துக்கொண்டு மேலே பார்க்கிறவர்கள் படிக்கலாம்.