கழுதையும் கணக்குப்பிள்ளையும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர் எனக்கு உண்டு. பகலெல்லாம் பில், வவுச்சர். ராத்திரியில் படம் வரைவார். யாருக்கும் காட்டமாட்டார். 'பார்த்தா என்ன நினைப்பாங்களோங்க!'

அவரிடம் சொன்ன கதையை உங்களிடமும் சொல்கிறேன். பூபேன் கக்கர், 1934-ல் பம்பாயில் பிறந்தவர். படித்தது சி.ஏ. பரோடாவில் பாதி நாள் கணக்கு, மீதி நாள் ஓவியம். ஆண்களைக் காதலித்தவர். ஐம்பதை நெருங்கும் வரை அதை வெளியில் சொல்லவில்லை. 1981-ல் ஒரு படம் வரைந்தார். பால்கனியில் ஒரு மனிதர், உடம்பில் துணியில்லாமல், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கீழே தெருவில் அப்பா, மகன், கழுதை. ஆமாம், நாம் சின்ன வயதில் கேட்ட அதே கதைதான். ஊர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கழுதையையே பறிகொடுத்தவர்கள்! 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்பது படத்தின் பெயர். இன்று அது லண்டன் டேட் மியூசியத்தில் இருக்கிறது. கக்கர் 2003-ல் இறந்தார். ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018-ல்.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து, டீக்கடை பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள். ஒரு முகம் அவருடையது.

'இதை எழுதலாமா?' என்றேன்.

'எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாங்க.'